கத்தச் சொன்ன டாக்டரம்மா

"இன்னும் கொஞ்சம் கத்துடா. பாதியில விழுங்காதே."

என் ஆயுசில் என்னைப் பார்த்து இப்படிச் சொன்ன ஒரே மனுஷி அந்த டாக்டரம்மாதான். மற்ற எல்லோரும், பெற்ற அத்தாவிலிருந்து ஓதிக்கொடுத்த உஸ்தாத் வரைக்கும், "வாயை மூடு" என்று சொல்லியே என்னை ஆளாக்கினார்கள். காலில் முள் குத்தினால் தெருவைக் கூட்டுவேன். வீட்டுக்குள் கரப்பான் பறந்தால் அடுத்த வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள். என் சுன்னத்துக் கல்யாணத்தன்று நான் போட்ட கூச்சலில் பிரியாணி கிண்ட வந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனதாக அக்கா இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறாள். எனக்கு இப்போது தொப்பையும் நரையும் விழுந்தாயிற்று. சத்தம் மட்டும் குறையவில்லை.

அப்படிப்பட்ட பிறவியை ஒரு டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டு ரசித்தார் என்றால், அவரைப் பற்றி எழுதாமல் நான் வேறு யாரைப் பற்றி எழுதுவது?

மலையாள எல்லைக்குள், சித்தூரிலிருந்து மீனாட்சிபுரம் போகிற சாலையில், பழைய நெல் மண்டி ஒன்றை வெள்ளையடித்துப் பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தார். வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. பஸ் கண்டக்டர்கள் "கத்தலாஸ்பத்திரி எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அது அவர் காதில் விழும். கோபப்பட்டதே இல்லை. "பேரு சரியாத்தானே இருக்கு" என்பார்.

கல்பாத்தி அக்ரஹாரத் தெருவில் பிறந்தவர். மெட்ராஸில் படித்துவிட்டு, யுத்த காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரிகளில் எலும்பு சேர்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வெள்ளைக் கைத்தறிப் புடவை, ஆம்பளைக் கைக்கடிகாரம். ஆபரேஷன் மேசைக்கு எட்டாத உயரம். அதற்காக ஒரு மணைப் பலகை வைத்திருந்தார். அதன்மேல் ஏறி நின்றுவிட்டால் அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். கம்பவுண்டர் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாலே பாதி நோயாளிகளுக்கு வியர்த்துவிடும்.

அவருக்குப் பிடிக்காத ஒரே ஜாதி, பேசாமல் படுத்திருக்கும் நோயாளிகள்.

"பட்டாளத்துல என்ன பண்ணுவா தெரியுமோ? கையொடிஞ்ச பையனுக்கு ஊசியைப் போட்டுத் தூங்க வச்சு, இறுக்கக் கட்டி ரயில்ல ஏத்தி அனுப்பிடுவா. எங்கிட்ட வந்து சேர்றப்போ கூடவே ஒரு சீட்டு வரும். 'ராத்திரி பூரா தொந்தரவு தரலை, நல்ல பையன்'னு. கட்டைப் பிரிச்சா உள்ளே கை வெறகுக் கட்டை. நல்ல பையனாம், நல்ல பையன்!"

அவர் வாயில் 'நல்ல பையன்' என்பது பெரிய வசவு. வார்டுக்குள் யாரையாவது அப்படிச் சொல்லிவிட்டால் அந்த ஆளின் பெண்டாட்டி அழ ஆரம்பித்துவிடுவாள்.

கைகால் ஒடிந்து கட்டோடு நடமாடுகிற யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. கல்யாண வீடோ, கடைத்தெருவோ, பஸ் ஸ்டாண்டோ, தன் பழைய காரை நிறுத்தி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஆட்டு!" என்பார். கட்டுப் போட்ட ஆள் விரல்களை ஆட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் கார் போகும். காட்டாவிட்டால் இறங்கி வருவார். இறங்கி வந்தால் விரலைப் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பார், நடுத்தெருவில். அதற்கு ஆட்டிவிடுவதே மேல். ஒருமுறை மீனாட்சிபுரத்தில் கைக்கட்டோடு ஒருவர் பால்மாட்டுக்குத் தரகு பேசிக்கொண்டிருந்தார். இவர் "ஆட்டு!" என்றதும் அவர் ஆட்டினார். தரகு பாஷையில் விரலாலேயே யாருக்கோ ரகசிய விலை சொல்கிறார் என்று நினைத்து மாடு வாங்க வந்தவர் பேரத்தை முறித்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

தன் விஷயத்திலும் அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஒருநாள் வார்டில் புடவைத் தலைப்பில் கம்பளிப்பூச்சி ஊர்வதைப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில், எழுந்து நடக்கக்கூடாது என்று அவரே சொல்லியிருந்த இரண்டு பேர் எழுந்து நடந்துவிட்டார்கள். பூச்சியை எடுத்துப் போட்டதும் அவர் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கட்டிலுக்குப் போய், "ம், நீ சொல்லு, எங்கே வலிக்கறது?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஆள் குறைவே இல்லை. எங்கள் பக்கம் கள்ளுக்கடை திறந்திருந்த காலம். கிழக்கே எல்லையைத் தாண்டினால் மெட்ராஸ் ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து, குடித்துவிட்டு, திரும்பும் வழியில் விழுகிறவர்கள் பாதி. அவர்களுக்காக மரமேறி கள் இறக்கப்போய் மரத்திலிருந்து விழுகிறவர்கள் மீதி.

அப்படி விழுந்த மரமேறி ஒருவரைத் தூக்கிவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆள் ரொம்ப மரியாதைக்காரர். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று கூட்டாளிகள் வழிநெடுகக் கள்ளை ஊற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டரம்மா என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க, சும்மா லேசாத்தானுங்க" என்றார்.

"இவன்கிட்ட கேட்டுப் பிரயோஜனமில்லை. கள்ளு வலியோட வாயைப் பொத்தியிருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சாப்பாடும் அங்கேதான். நடுநடுவே அந்த மனிதரின் கால் கட்டைவிரலை மேல்பக்கமாக வளைத்துப் பார்ப்பார். அவர் சிரிப்பார். கள் இறங்க இறங்க, விரலை வளைக்கும்போது அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. வாய் அப்போதும் "ஒண்ணுமில்லீங்க" என்றது. "சிரிப்புக் கோணிப்போச்சு, பலகையைக் கொண்டுவா!" என்று டாக்டரம்மா கம்பவுண்டரைக் கூப்பிட்டார். காலைக் கீறிவிட்டார்; கால் பிழைத்தது. பாதத்தைத் தூக்குகிற நரம்பு மட்டும் திரும்பவில்லை. நடக்கும்போது அந்தப் பாதம் தரையில் சப்பென்று விழும். மரத்தின் மேலே போக முடியாமல் மரத்தடியில் நின்று கள் விற்க ஆரம்பித்தார்.

இந்தக் கதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நான், அந்த வாசலில் கத்திக்கொண்டே போய் இறங்குவேன் என்று நினைக்கவில்லை.

நாங்கள் ராவுத்தர் குடும்பம், ஜவுளி வியாபாரம். அத்தா போன பிறகு சித்தூர்க் கடையை அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், நடத்தினார். நான் சரக்கு எடுப்பவன். ஜவுளிக்காரனுக்குக் கண் பெரிய உதவி இல்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தால் சங்கதி தெரிந்துவிட வேண்டும். இழை என்ன, எவ்வளவு கஞ்சி போட்டு ஏமாற்றியிருக்கிறான், இரண்டு துவைப்புக்குத் தாங்குமா என்பதெல்லாம் அந்த இரண்டு விரலுக்குள் இருக்கிறது. என்னிடம் இருந்த ஒரே சாமர்த்தியம் அதுதான். கணக்கு வராது. வாடிக்கையாளரிடம் பொறுமை கிடையாது. அந்த இரண்டு விரல் இல்லாவிட்டால் கடையில் நான் வெறும் சத்தம்.

மச்சானின் சாமர்த்தியம் வேறு. மூட்டை கட்டுவது. அவர் அதிகம் பேசமாட்டார், பேச வேண்டியதைக் கயிற்றோடு பேசிவிடுவார். அவர் கட்டிய பேல் மூட்டை பஸ் மேலிருந்து உருண்டு விழுந்தும் ஒரு முடிச்சு நெகிழ்ந்ததில்லை என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெருமை.

ஒரு சந்தை நாள் காலை, சைக்கிளில் துணிமூட்டையோடு போய்க்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு எருமை வந்தது. மணி அடித்தேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இரண்டு பேரில் அதற்குத்தான் நிதானம் இருந்தது. நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். தூக்கவந்தவர்கள் முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்த்தார்கள். "ஏனுங்க, இவரு குடிக்காமயே விழுந்திருக்கறாருங்க!" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். அந்தச் சாலையில் அப்படி விழுந்தவன் நான் ஒருவன்தானாம்.

முன்கையில் இரண்டு எலும்பும் போயிருந்தது. பக்கத்தில் கட்டுக் கட்டும் வைத்தியர் இழுத்துச் சேர்த்து, முட்டை வெள்ளையில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்து அளவாகத்தான் கட்டினார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். "விரல் வீங்கினாலோ வலி பொறுக்கலீன்னாலோ உடனே அவுத்துவிட்டுட்டு எங்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்று மச்சானிடம் தெளிவாகச் சொன்னார்.

மத்தியானமே விரல்கள் வீங்கின. அக்கா, "அவுத்துவிடலாமுங்க" என்றாள். மச்சான் கட்டின் நுனியை உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சாஸ்திரத்தில், மூட்டையின் வாய்ப்பக்கம் பிதுங்கினால் கட்டுத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. கடையிலிருந்து பேல் கயிறு எடுத்துவந்தார். முழங்காலைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார்.

நான் கத்தினேன். 

"மாப்ளே, நீ கரப்பானுக்கே கத்தறவன்" என்றார் அன்பாக.

இதுதான் என் தலைவிதி. உயிரே போகிற வலிக்கும் கரப்பானுக்கும் என்னிடம் ஒரே சத்தம்தான் இருந்தது. சாயங்காலம் விரல் இன்னும் பிதுங்கியது. மச்சான் இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

விடியும்போது என் விரல்கள் பால் கட்டிய மாட்டின் காம்புபோல விறைத்து, உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஆள்காட்டி விரலால் நான் கட்டியிருந்த கைலியைத் தொட்டுப் பார்த்தேன். துணி இல்லை. அதாவது துணி இருந்தது, விரல் அங்கே இல்லை. கட்டைவிரலாலும் பார்த்தேன். அப்போதுதான் நான் கத்துவதை நிறுத்தினேன். நான் கத்தாததைக் கண்டு அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "இவன் சும்மா இருக்கறானுங்க! கூட்டிட்டுப் போங்க அந்தக் கத்தலாஸ்பத்திரிக்கு!"

பஸ்ஸில் நான் மரண சாசனம் சொல்லிக்கொண்டே போனேன். சைக்கிள் அக்கா மகனுக்கு. புது வேட்டி இரண்டும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்கு. எருமைக்கு மன்னிப்பு இல்லை. மச்சான் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்றார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "நாடி நல்லா ஓடுது, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா வந்துவிட்டார். கைக்கட்டுக்குள் செருகியிருந்த குச்சியைப் பார்த்தார்.

"இதை யார் கட்டினது?"

"நாந்தானுங்க" என்றார் மச்சான், கொஞ்சம் பெருமையாகவே.

"நீங்க என்ன தொழில், ராவுத்தரே?"

"ஜவுளிங்க."

"அதாக்கும் சங்கதி. கட்டு அபாரமா இருக்கு. லாரியில ஏத்தலாம்."

கத்தரிக்கோலால் கயிறு, பத்தை, துணி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். பிறகு என் நடுவிரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். எவ்வளவு மெல்ல என்றால், பூவை எடுப்பது போல. நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்றிருந்த பஸ் டிரைவர், யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று கீழே குதித்தாராம்.

"இன்னும் கொஞ்சம் கத்துடா. பாதியில விழுங்காதே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுத்த விரலை நிமிர்த்தினார். அதற்கும் கத்தினேன். "பேஷ். சதைக்கு இன்னும் உசிர் இருக்கு. இல்லேன்னா இப்படிக் குரல் வராது."

"நாடி ஓடுதே டாக்டரம்மா" என்றார் கம்பவுண்டர்.

"ஓடட்டுமே. வீட்டு வாசல்ல தெரு திறந்துதான் கிடக்கு. உள்ளே கதவடைச்சு ஆளுக்கு மூச்சு முட்டறது."

கட்டை அவிழ்த்த பிறகு தானாகத் தணிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். தணியவில்லை. கை பாறை மாதிரி இருந்தது. என்னிடம் வந்து சொன்னார்:

"ஜவுளிக்காரனுக்குப் புரியறாப்பலே சொல்றேன், கேளு. உன் கைக்குள்ளே சதையைச் சுத்தி ஒரு உறை இருக்கு, தலையணை உறை மாதிரி. பஞ்சு ஊறி வீங்கியாச்சு. உறை ஒரு இழைகூட நீளாது. அதனால பஞ்சு தன்னைத்தானே நெரிச்சுக்கறது. நடுவுல ஓடற நரம்பையும் சேர்த்து. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் உறையைக் கிழிச்சு விடணும். இப்பவே."

இதில் நான் கேட்டது 'முழங்கை', 'மணிக்கட்டு', 'இப்பவே' என்ற மூன்று சொற்களைத்தான். கையை எடுக்கப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் என் மூளை போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எங்களில் எடுத்த கையையும் முறைப்படி அடக்கம் செய்வார்கள். கை முதலில் போகும், நான் பின்னால் போவேன். நடுவில் நாற்பது வருஷம் ஆகிவிட்டால் அது எந்த மூலையில் கிடக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? மறுமையில் நான் எழுந்து நின்று கையைத் தேடிக் கபர்ஸ்தான் முழுக்க அலைய வேண்டுமே!

"டாக்டரம்மா, எடுத்தா எங்கிட்டயே கொடுத்துடுங்க" என்றேன்.

"எதைடா?"

கம்பவுண்டர் மணைப் பலகையோடு வருவது தெரிந்தது. படுத்திருந்த மேசையிலிருந்து குதித்து ஓடினேன்.

வாசல் வரை போனேன். அங்கே பாதத்தைக் காட்ட வந்திருந்த அந்த மரமேறி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, சப்பு சப்பென்று இரண்டு எட்டு வைத்து வழியை மறித்தார். "எங்கீங்க ஓடறீங்க? நான் சிரிச்சுட்டே கெடந்து காலைக் கெடுத்துக்கிட்டேன். நீங்க நல்லாக் கத்தறீங்க, அந்தம்மாளுக்குப் புரியுது. கத்திட்டே உள்ளே போங்க சாமி" என்று மரியாதையாக என்னைத் திருப்பி, பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

மயக்க மருந்தை மூக்கில் வைத்து எண்ணச் சொன்னார்கள். எனக்குத்தான் கணக்கு வராதே. கலிமா சொன்னேன். அதன் நடுவில் வேட்டி ஒன்றை மோதினாரிடமிருந்து திரும்ப வாங்கி மரமேறிக்கு எழுதிவைத்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

விழித்தபோது கை இருந்தது. நீளமாகத் திறந்த புண்ணில் துணி திணித்து, தொளதொளவென்று சுற்றி, கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். "கிழிச்சதும் சதை பொங்கி வெளியில வந்தது பாரு! வெளிறிக் கிடந்தது எங்கண்ணு முன்னாலேயே சிவந்தது" என்று டாக்டரம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். வீக்கம் வடிந்த பிறகு தொடையிலிருந்து தோலெடுத்து மூடினார். அந்தத் தழும்பு இன்றைக்கும் ஒரு ரயில்பாதை மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் புலி என்று சொல்கிறேன். எருமை என்றால் யார் மதிக்கிறார்கள்?

விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊமையாகவே இருந்தன.

"நரம்பு அறுபடலை, நசுங்கியிருக்கு" என்றார். "உள்ளே இழை செத்துப்போச்சு, குழல் இருக்கு. மேலேர்ந்து புது இழை வளர்ந்து வரணும். ஒரு நாளைக்கு நெல்லுமணியோட கனம்கூட நகராது."

"விரல் நுனி வரைக்கும் வந்துருமுங்களா?"

"தெரியாது."

என்னை மாதிரி ஆளிடம் 'தெரியாது' என்று சொல்லலாமா? 'வந்துடும்' என்று ஒரு பொய் சொன்னால் என்ன? கேட்டே விட்டேன். "பொய் சொன்னா நீ சந்தோஷமாக் காத்திருப்பே. அப்புறம் வரலேன்னா என்மேலே கோவப்படுவே. இப்பவே கோவப்பட்டுக்கோ, நேரம் மிச்சம்" என்றார்.

கட்டைவிரல் பக்கத்து மேட்டிலிருந்து மேலே, முன்கையில் ஓரிடத்தில் தன் நடுவிரலால் லேசாகத் தட்டினார். சுளீரென்று எறும்புக் கூட்டம் ஊர்ந்ததுபோல இருந்தது. கத்தினேன். அந்த இடத்தில் மைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "நரம்போட முனை இங்கே நிக்கறது. அடுத்த மாசம் தட்டறப்போ எறும்பு கீழே இறங்கியிருக்கணும்."

அன்றிலிருந்து நான் எறும்புக்காரன் ஆனேன். காரை நிறுத்தி, "எறும்பு எதுவரைக்கும்?" என்பார். நான் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து, "மணிக்கட்டுக்கு மேலேங்க!" என்பேன். கடைக்கு வந்தவர்கள் எங்கள் கிடங்கில் எறும்பு விழுந்துவிட்டது என்று துணியை உதறிப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கடையில் பேசிக்கொண்டே சூடான டீ கிளாஸை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரில் இருந்தவர்தான் என் விரலில் கொப்புளம் கிளம்புவதைப் பார்த்துச் சொன்னார். சுட்டதற்காக இல்லை, சுடாததற்காகக் கத்தினேன். டாக்டரம்மா மருந்து போட்டுக்கொண்டே திட்டினார்: "வாயில்லாத விரலுக்குக் கண்ணால காவல் இருக்கணும். நீ எங்கே பார்த்துண்டிருந்தே?"

எறும்பு மணிக்கட்டைத் தாண்டியது. உள்ளங்கைக்கு வந்தது. அங்கே ஒரு மாசம் நகரவே இல்லை. அந்த மாசம் நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசை. சாப்பிட்டேன், இரண்டு மடங்கு. பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஆனால் வீட்டில் என்னைவிட மோசமாக இருந்தது மச்சான்தான். அவர் கயிற்றைத் தொடுவதை விட்டுவிட்டார். கடைப் பையன்கள் கட்டிய மூட்டைகள் வழியெல்லாம் அவிழ்ந்தன. சந்தைக்குப் போன துண்டுகள் பாதி வயலில் கிடந்தன. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தலையை ஆட்டுவாரே தவிர வாய் திறக்கமாட்டார். ஒவ்வொரு மாசமும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார். சுவரோரம் நின்று, டாக்டரம்மாவின் விரல் என் கையைத் தட்டுவதையே பார்ப்பார். நான் கத்தியதும் வெளியே போய்விடுவார். டாக்டரம்மா அவர் போன வாசலைப் பார்ப்பார். "என் கட்டில்ல படுத்திருந்தா இவரை 'நல்ல பையன்'னு சொல்லியிருப்பேன்" என்றார் ஒருநாள், மெதுவாக.

எறும்பு விரல் நுனிக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றிய மாசம், "அடுத்த தடவை கடையிலேர்ந்து துணி ரெண்டு மூணு துண்டு எடுத்துண்டு வா. நான் பார்க்கறேன், நீ பார்க்காம தொட்டுச் சொல்லு" என்றார்.

போனோம். மச்சான் துணிகளை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கட்டுத் துணியால் என் கண்ணைக் கட்டினார். முதல் துண்டை விரல்களுக்கு நடுவே வைத்தார். தேய்த்தேன். தடிமனான உறையைப் போட்டுக்கொண்டு தொடுவதுபோல இருந்தது. ஆனால் உறைக்கு அந்தப் பக்கம் ஏதோ இருந்தது. இன்னொரு முறை தேய்த்தேன்.

"மல்லு, சன்ன நெசவு" என்றேன்.

அடுத்தது வந்தது. கரடாக, நுனியில் நரநரவென்று.

"காடாங்க. கஞ்சியை வாரி ஊத்தியிருக்கறான், திருட்டுப் பய."

"மதி, போறும்" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் லேசாக மாறியிருந்தது. "இன்னும் ஒண்ணு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. யாரையோ இழுப்பதுபோல ஒரு சத்தம், கால் தேயும் சத்தம். பிறகு விரல்களுக்கு நடுவே ஏதோ வந்தது. துணி இல்லை. தடித்து, காய்த்து, வெதுவெதுப்பாக, வியர்த்திருந்தது. தேய்க்காமலே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என் வாய் சும்மா இருக்குமா?

"டாக்டரம்மா, இது மட்டமான சரக்குங்க" என்றேன். "முரட்டு நெசவு. ஈரம் வேற பட்டிருக்குது. ஓசியில கொடுத்தாக்கூட எடுக்காதீங்க."

"என்ன ராவுத்தரே, உங்க மச்சினன் இப்படிச் சொல்றான்?"

அந்தக் கை என் விரல்களை இறுக்கிப் பிடித்தது. பிறகு, இறுக்கிவிட்டோம் என்று பயந்து சட்டென்று தளர்த்தியது. நான் விடவில்லை.

"அவனுக்கு என்னங்க தெரியும்" என்றார் மச்சான். "அவன் வெரலு இப்பத்தானே வந்து சேந்திருக்குது..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழ ஆரம்பித்தார். கம்பவுண்டர் ஓடிவருவது கேட்டது. "யாரும் தடுக்கப்படாது, அவர் அழட்டும்" என்று டாக்டரம்மா அவரை நிறுத்துவதும் கேட்டது. என் கண்கட்டை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. மச்சானுக்கு என்னைவிடப் பெரிய குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.